கூரையில் தொங்கும் ப்ரொஜெக்டரிடம் நலம் விசாரிப்பது எப்படி?

கல்லூரி, பள்ளி, கல்யாண மண்டபம், கம்பெனி மீட்டிங் ஹால் என்று எங்கே ப்ரொஜெக்டர் மாட்டினாலும் ஒரே கதைதான். கரண்ட் ஒயர் போகும், எச்டிஎம்ஐ கேபிள் போகும், கட்டடம் கொஞ்சம் பழசு என்றால் விஜிஏ கேபிளும் கூடவே போகும். லேன் கேபிள் மட்டும் போகாது. "அது எதுக்கு சார், படம்தான் எச்டிஎம்ஐ-ல வருதே" என்பார் மாட்ட வந்த தம்பி. படத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரிதான். ஆனால் பின்பக்கம் அந்த லேன் துளையைக் கம்பெனிக்காரன் அழகுக்காக வைக்கவில்லை.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் சிஸ்டம் அட்மின். கம்ப்யூட்டர் லேப், வைஃபை, பிரிண்டர் இவற்றோடு ப்ரொஜெக்டர்களும் என் தலையில்தான். வேலையில் அதிகம் நேரத்தைத் தின்றது எது என்று கேட்டால், சர்வரும் இல்லை, வைரஸும் இல்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக அலைந்ததுதான். அந்த அலைச்சலைப் பெருமளவு குறைத்தது ப்ரொஜெக்டர்களை நெட்வொர்க்கில் சேர்த்த வேலை. அதை எப்படிச் செய்வது, செய்தபின் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் இடத்தில் இருப்பது எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் மெனுவின் பெயர்கள்தான் கொஞ்சம் மாறும்; சங்கதி ஒன்றே.

லேன் எதற்கு?

மூன்று வேலைக்கு. ஒன்று, லேப்டாப்பில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்புவது. விற்க வருபவர்கள் இதைத்தான் பெருமையாகச் செய்து காட்டுவார்கள். ஸ்லைடு காட்டப் பரவாயில்லை. வீடியோ போட்டால் திக்கித் திணறும். இரண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆன், ஆஃப் செய்வது, இன்புட் மாற்றுவது. மூன்று, மெஷின் எப்படி இருக்கிறது என்று கேட்பது. லேம்ப் எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது, சூடு ஏறியிருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, இப்போது எந்த இன்புட்டில் நிற்கிறது, சிக்னல் வருகிறதா. யாரும் வாங்கும்போது கேட்காத இந்த மூன்றாவது வேலைதான், என் கணக்கில், அந்தத் துளையின் முழு விலையையும் திருப்பித் தருவது.

ஒரே மாதிரி இரண்டு துளைகள்

முதல் சிக்கல் கேபிளைச் சொருகும் இடத்திலேயே இருக்கிறது. பெரிய ஹால்களுக்கான மாடல்களில் ஆர்ஜே45 துளை இரண்டு இருக்கும். ஒன்றின் மேல் லேன் என்றும் மற்றொன்றின் மேல் எச்டிபேஸ்டி என்றும் பொடி எழுத்தில் போட்டிருக்கும். சில கம்பெனிகள் இரண்டாவதற்குத் தங்கள் சொந்தப் பெயர் ஒன்றை வைத்திருப்பார்கள். பார்ப்பதற்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான்.

எச்டிபேஸ்டி என்பது எல்ஜி, சாம்சங், சோனி, வேலென்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் 2010-இல் கூட்டாகத் தொடங்கிய அமைப்பின் தொழில்நுட்பம். எச்டிஎம்ஐ கேபிள் பத்து மீட்டரைத் தாண்டினாலே முரண்டு பிடிக்க ஆரம்பிக்கும். எச்டிபேஸ்டி-யில் ஒரே நெட்வொர்க் கேபிள் வழியாகப் படம், ஒலி, கட்டுப்பாடு எல்லாவற்றையும் 100 மீட்டர் வரை கொண்டுபோகலாம். ஆனால் கேபிள் நெட்வொர்க் கேபிளாக இருப்பதாலேயே அதில் ஓடுவது சாதாரண நெட்வொர்க் ஆகிவிடாது. மேடைப் பக்கம் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியிலிருந்து நேராக ப்ரொஜெக்டருக்குத்தான் அது வரவேண்டும். நடுவில் சுவிட்ச் வைத்தாலோ, சுவிட்சிலிருந்து வரும் கேபிளை இந்தத் துளையில் சொருகினாலோ படம் வராது. கூரைக்குள் இரண்டு கேபிள் ஓடுகிறது என்றால் இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எந்தக் கேபிள் எது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

முகவரி கொடுப்பது

கேபிள் சரியான துளையில் இருக்கிறது, துளைக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மின்னுகிறது என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இனி ரிமோட்டில் மெனுவை அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குள் போய், வயர்டு லேன் அமைப்பைத் திறக்க வேண்டும். அங்கே முதல் கேள்வி: டிஎச்சிபி ஆனா, ஆஃபா?

ஆன் என்றால் ரூட்டரே ஒரு ஐபி முகவரியைக் கொடுத்துவிடும். சுலபம். ஆனால் இன்றைக்கு ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று என்று மாறக்கூடும். நேற்று வரை திறந்த பக்கம் இன்று திறக்காது. திறந்தாலும் அது பக்கத்து வகுப்பின் மெஷினாக இருக்கும். ஆஃப் என்றால் நாமே நிலையான முகவரி ஒன்றைக் கையால் போட வேண்டும். அப்படிப் போடும்போது ரூட்டர் தானாகப் பிரித்துக் கொடுக்கும் எண்களுக்கு வெளியே போடுவது முக்கியம். உதாரணமாக, ரூட்டர் 192.168.1.100 முதல் 200 வரை கொடுக்கிறது என்றால் ப்ரொஜெக்டர்களுக்கு 192.168.1.20-இலிருந்து வரிசையாகப் போடலாம். இல்லாவிட்டால் ஒருநாள் யாரோ ஒரு மாணவரின் போனுக்கும் ப்ரொஜெக்டருக்கும் ஒரே முகவரி விழுந்து, இரண்டும் மாறி மாறிக் காணாமல் போகும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. ப்ரொஜெக்டரில் டிஎச்சிபி ஆன் செய்துவிட்டு, ரூட்டரிலோ சர்வரிலோ "இந்த மேக் முகவரி வந்தால் இந்த ஐபியைத்தான் கொடு" என்று பதிந்து வைப்பது. முகவரிப் பட்டியல் முழுக்க ஒரே இடத்தில் இருக்கும். நாளை நெட்வொர்க்கையே மாற்றினாலும் ஏணி தேவைப்படாது. இதற்கு மேக் முகவரி, அதாவது மெஷினின் லேன் பகுதிக்கு உரிய அடையாள எண், தெரிய வேண்டும். அதை மெனுவின் தகவல் பக்கத்தில் பார்க்கலாம். மெஷினைக் கூரைக்கு ஏற்றுவதற்கு முன், மேஜையில் இருக்கும்போதே அந்தப் பக்கத்தையும் அடியில் உள்ள ஸ்டிக்கரையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் நம்பரும் அதில் வந்துவிடும். வாரண்டிக்குப் போன் செய்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

சில மெஷின்கள் ஆலையிலிருந்து வரும்போதே ஒரு நிலையான முகவரியோடு வரும். பானாசோனிக்கின் பெரிய மாடல்கள் பலவற்றில் அது 192.168.0.8. ஒன்றை மட்டும் மாட்டினால் பிரச்சினை தெரியாது. இரண்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஒரே சுவிட்சில் மாட்டினால் இரண்டும் ஒரே முகவரிக்கு அடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக மாட்டி, முகவரியை மாற்றி, அதன்பின் அடுத்ததற்குப் போவதுதான் சரி.

தகவல் பக்கத்தில் வரும் முகவரியே பாதி நோயைச் சொல்லிவிடும். 0.0.0.0 என்று நின்றால் முகவரி இன்னும் கிடைக்கவில்லை. கேபிளையோ சுவிட்ச் போர்ட்டையோ பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி சர்வரிடம் கேட்டுப் பதில் வராமல், மெஷின் தனக்குத்தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். முகவரி சரியாக இருந்தும், அதே வகுப்பில் சொருகிய லேப்டாப்பில் பக்கம் திறக்கிறது, நம் அறையிலிருந்து திறக்கவில்லை என்றால் கேட்வே எண் தப்பாகவோ காலியாகவோ இருக்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேச கேட்வே வேண்டாம். வேறு சப்நெட்டில் இருப்பவருக்குப் பதில் சொல்லத்தான் அது வேண்டும்.

கடைசியாக, மெஷினுக்கு ஒரு பெயர் வையுங்கள். கம்பெனி வைத்த பெயர் மேக் முகவரியின் துண்டோடு வாயில் நுழையாத மாதிரி இருக்கும். "பி204" என்று அறை எண்ணையே வைத்துவிட்டால், பட்டியலில் பார்த்தவுடன் எந்த அறை என்று தெரியும்.

தூங்கும்போது காது கேட்குமா?

எல்லாம் சரியாக வைத்துவிட்டு வருவோம். வகுப்பு நடக்கும்போது பக்கம் திறக்கும். ப்ரொஜெக்டரை ஆஃப் செய்த உடனே நெட்வொர்க்கிலிருந்தும் காணாமல் போய்விடும். "லேன் கார்டு போச்சு போல" என்று சர்வீஸுக்குப் போன் போகும். கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்டாண்ட்பை அமைப்பு அப்படி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு விதி ஒன்று, சும்மா நிற்கும் மின்சாதனங்கள் 2013 முதல் 0.5 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்றது. உலகம் முழுக்க ஒரே மெஷினை விற்கும் கம்பெனிகள் அதற்கேற்ப, ஆஃப் நிலையில் நெட்வொர்க் பகுதியையும் சேர்த்தே தூங்க வைக்கும் அமைப்பைக் கொண்டு வந்தன. மெனுவில் ஸ்டாண்ட்பை மோட் என்று ஒன்று இருக்கும். எப்சனில் கம்யூனிகேஷன் ஆன், ஆஃப் என்றும், வேறு சிலவற்றில் நெட்வொர்க், ஈகோ அல்லது நார்மல் என்றும் இரண்டு மூன்று தேர்வுகள் வரும். ஆஃப் செய்தபின்னும் பேச வேண்டுமென்றால் கம்யூனிகேஷன் ஆன் அல்லது நெட்வொர்க் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்சாரம் கூடுதலாக ஓரிரு வாட் செலவாகும், அவ்வளவே.

நம் ஊர் வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாயங்காலம் பூட்டும்போது அட்டெண்டர் அண்ணன் வகுப்பின் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போவார். அதில் குற்றம் சொல்ல முடியாது, நிர்வாகம் அப்படித்தான் சொல்லியிருக்கும். அந்த நேரத்தில் எந்த ஸ்டாண்ட்பையும் வேலை செய்யாது. எனவே ஸ்டேட்டஸ் பார்க்கிற வேலையை வகுப்பு நேரத்துக்குள் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்து வரும். லேம்ப் உள்ள மெஷின் என்றால் இன்னொன்று: ஃபேன் ஓடிச் சூடு தணியும் முன்பே மெயினை இறக்குவது லேம்புக்கு நல்லதல்ல. நேரடியாக மின்சாரத்தை நிறுத்தினாலும் தாங்கும் என்று கம்பெனியே சொல்லும் மாடல்கள் இப்போது நிறைய உண்டு. உங்களுடையது அதில் சேர்த்தியா என்று கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வைஃபை என்றால்

கேபிள் இழுக்க வழியே இல்லாத இடத்தில் வைஃபை. முடிந்தவரை தவிர்க்கவே சொல்வேன். கல்லூரி வைஃபையில் ஆளுக்கொரு பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும் முறை இருந்தால், விலை குறைந்த மாடல்கள் பல அதைப் புரிந்துகொள்ளாது. விருந்தினர் வைஃபையில் சேர்த்தால், அங்கே ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். ப்ரொஜெக்டருக்கு முகவரி கிடைக்கும், ஆனால் யாராலும் அதோடு பேச முடியாது.

எப்சன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. தகவல் பக்கத்தில் ஈவென்ட் ஐடி என்று நான்கு இலக்க எண் ஒன்று வரும். 0891 என்றால் நீங்கள் கொடுத்த பெயரில் வைஃபை எதுவும் கண்ணில் படவில்லை. 0892 என்றால் அடையாளச் சோதனை முறை பொருந்தவில்லை, 0893 என்றால் குறியாக்க முறை பொருந்தவில்லை. 0898 என்றால் டிஎச்சிபியிடமிருந்து முகவரி வாங்க முடியவில்லை. "வைஃபை வரலை" என்ற ஒற்றை வரிப் புகாரை வைத்துக்கொண்டு கையைப் பிசைவதைவிட, "அந்த நாலு நம்பர் என்ன போட்டிருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பது எவ்வளவோ மேல்.

ஸ்டேட்டஸ் பக்கத்தில் எதைப் பார்ப்பது?

இனிதான் விஷயமே. முகவரியை பிரவுசரில் அடித்தால் ப்ரொஜெக்டரின் சொந்தப் பக்கம் திறக்கும். கடவுச்சொல் கேட்கும். உள்ளே போனால் பவர், இன்புட் பொத்தான்களோடு ஸ்டேட்டஸ் அல்லது இன்ஃபர்மேஷன் என்ற பகுதி இருக்கும். அங்கே வரும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பயன் உண்டு.

முதலில் இன்புட், சிக்னல். ஒரு மதியம் வந்த போனை அப்படியே சொல்கிறேன்.

"சார், ஆன்ல இருக்கு, ஆனா படமே வரல. சத்தமும் வரல. பசங்க எல்லாம் வெயிட்டிங்."

"ஒரு நிமிஷம் மேடம்." பக்கத்தைத் திறந்தேன். பவர் ஆன். இன்புட் எச்டிஎம்ஐ1. சிக்னல் 1920x1080, 60 ஹெர்ட்ஸ். அதாவது லேப்டாப், கேபிள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. அடுத்த வரி: ஏவி மியூட் ஆன். "மேடம், ரிமோட்ல ஏவி மியூட்னு ஒரு பட்டன் இருக்கும். அதை ஒரு தடவை அழுத்துங்க."

"ஐயோ, வந்துடுச்சு சார்!"

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. இந்த மாதிரிப் புகார்களில் பெரும்பாலானவை இப்படித்தான்: தப்பான இன்புட், சிக்னலே இல்லாத கேபிள், அழுத்தி மறந்த மியூட். மூன்றையும் ஸ்டேட்டஸ் பக்கம் ஒரே பார்வையில் பிரித்துக் காட்டிவிடும்.

அடுத்தது லேம்ப் மணி நேரம். பாதரச லேம்ப் உள்ள மெஷின்களில் சாதாரண நிலையில் 5,000, 6,000 மணி என்றும், ஈகோ நிலையில் 10,000 வரை என்றும் கம்பெனிகள் சொல்வதுண்டு. அந்த எண் வரை பளிச்சென்று எரிந்துவிட்டு ஒரே நாளில் அணையும் என்று நினைக்க வேண்டாம். ஆயுள் முடியும்போது வெளிச்சம் ஏறக்குறைய பாதிக்கு இறங்கியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால் யாருக்கும் தெரியாது. ஜன்னல் திரையைச் சாத்துங்கள் என்ற குரல்தான் அதிகமாகும். நாளைக்கு ஆறு மணி, வருஷத்துக்கு 200 வேலை நாள் என்றால் ஆண்டுக்கு 1,200 மணி. இந்தக் கணக்கை வைத்து எந்த வகுப்புக்கு எந்த வருஷம் லேம்ப் தேவைப்படும் என்று பட்ஜெட் போடும்போதே எழுதிக் கொடுத்துவிடலாம். செமஸ்டர் நடுவில் ஓடிப்போய்க் கடைக்காரர் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதில்லை. காலம் கடந்த லேம்ப் உள்ளேயே வெடிக்கவும் கூடும். உள்ளே பாதரசம் இருப்பதால் உடனே ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியே அனுப்புவது அவசியம். லேசர் மெஷின்களில் இந்தத் தலைவலி குறைவு. 20,000 மணி நேரத்தில்தான் வெளிச்சம் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு.

ஒரு எச்சரிக்கை. அந்த மணிக்கணக்கைப் பல மாடல்களில் நாம்தான் மெனுவில் போய்ப் பூஜ்யமாக்க வேண்டும். லேம்பை மாற்றிவிட்டு அதைச் செய்ய மறந்தால், புது லேம்ப் மாட்டிய மறுநாளே "லேம்பை மாற்று" என்று கத்தும். இதையே தலைகீழாகச் செய்யும் வியாபாரிகளும் உண்டு. பழைய ப்ரொஜெக்டரை லேம்ப் மாற்றாமலே பூஜ்யமாக்கி, "ஓடவே இல்ல சார், புதுசு மாதிரி" என்று விற்பார்கள். சில மாடல்களில் மெஷினின் மொத்த ஓட்ட நேரம் தனியாக ஒரு வரியில் வரும். அதை இப்படிச் சுலபமாக மாற்ற முடியாது. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, சூடும் ஃபில்டரும். இரண்டும் சேர்ந்தே வரும். சாக்பீஸ் தூள் பறக்கும் வகுப்பில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். காற்று குறையும், ஃபேன் சத்தம் கூடும், பிறகு எச்சரிக்கை வரும், அதையும் கவனிக்காவிட்டால் மெஷின் தானாக அணைந்துவிடும். ஏப்ரல், மே மாதத்தில் ஏசி இல்லாத வகுப்பில் இது சர்வசாதாரணம். பல மெஷின்களுக்கு அறை வெப்பம் 40 டிகிரி வரைதான் கணக்கு. கூரைக்குப் பக்கத்தில், ஷீட் போட்ட மேல் மாடியில், அந்த 40 வெகுதூரத்தில் இல்லை.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு வேறு சங்கதி. அங்கே குளிர்தானே, சூட்டுக்கு என்ன கவலை என்று தோன்றும். ஆனால் உயரத்தில் காற்று மெல்லியது. அதே வேகத்தில் ஓடும் ஃபேன் குறைவான சூட்டைத்தான் வெளியே தள்ளும். பல மாடல்களில் 1,500 மீட்டருக்கு மேல் போனால் உயர்நிலை மோட் ஒன்றை ஆன் செய்யச் சொல்லியிருப்பார்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது.

ஆறு இலக்கத்தில் ஜாதகம்

ஒன்றிரண்டு மெஷின் என்றால் பிரவுசர் போதும். கட்டடம் முழுக்க, அதுவும் மூன்று நான்கு கம்பெனி மெஷின்கள் கலந்து இருந்தால்? அதற்குத்தான் பிஜேலிங்க். ஜப்பானின் அலுவலக இயந்திரத் தொழில் அமைப்பான ஜேபிஎம்ஐஏ உருவாக்கிய பொது மொழி இது. எப்சன், பானாசோனிக், சோனி, என்இசி என்று பல கம்பெனிகளின் நெட்வொர்க் மாடல்களுக்கு இது புரியும். போர்ட் எண் 4352.

மொழி மிகச் சின்னது. பவர் எப்படி என்று கேட்டால் ஒரே ஒரு எண் பதிலாக வரும்: 0 என்றால் ஸ்டாண்ட்பை, 1 என்றால் ஆன், 2 என்றால் ஆறிக்கொண்டிருக்கிறது, 3 என்றால் சூடேறிக்கொண்டிருக்கிறது. லேம்ப் எப்படி என்று கேட்டால் "2870 1" என்கிற மாதிரி வரும். 2,870 மணி எரிந்திருக்கிறது, இப்போதும் எரிகிறது என்று பொருள்.

எனக்கு மிகவும் பிடித்தது பிழை நிலைக் கேள்வி. பதில் ஆறு இலக்கங்கள். இடமிருந்து வலமாக ஃபேன், லேம்ப், வெப்பம், மூடி, ஃபில்டர், இதர. ஒவ்வொன்றுக்கும் 0 என்றால் நலம், 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் பழுது. 000000 வந்தால் அக்கடா என்று இருக்கலாம். 000010 என்றால் ஃபில்டரைத் தட்டச் சொல்லி ஆள் அனுப்ப வேண்டும். 001010 என்றால் ஃபில்டர் அடைத்துச் சூடும் ஏறத் தொடங்கிவிட்டது, இன்றே போக வேண்டும். 020000 என்றால் லேம்ப் போய்விட்டது. "ஏதோ ஒரு லைட் சிவப்பா எரியுது சார்" என்று தொலைபேசியில் வரும் தகவலை இந்த ஆறு எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பைத்தான் கொஞ்சம் தெரிந்த மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் சொன்னால் போதும். எல்லா முகவரிக்கும் வரிசையாகப் போய் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டு ஓர் அட்டவணையில் எழுதும் நிரலை மதியத்துக்குள் எழுதிவிடுவார். காலை பத்து மணிக்கு அது தானாக ஓடினால், பூஜ்யம் இல்லாத வரிகளை மட்டும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். பிழை வந்தால் மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் பல ப்ரொஜெக்டர்களிலேயே இருக்கிறது. ஆனால் பழைய மாடல்கள் குறியாக்கம் இல்லாமல், உள்நுழைவும் இல்லாமல் 25-ஆம் போர்ட்டில் அனுப்பப் பார்க்கும். இன்றைய மின்னஞ்சல் சேவைகள் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதற்குப் போராடுவதைவிட நிரலே மேல்.

பூட்டும் போட வேண்டும்

நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டால் நம்மைப் போலவே மற்றவர்களும் அதோடு பேசலாம். மாணவர் வைஃபையும் ப்ரொஜெக்டர்களும் ஒரே நெட்வொர்க்கில் இருந்து, கடவுச்சொல்லும் கம்பெனி கொடுத்ததாகவே இருந்தால், கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் வகுப்பு நடுவே ப்ரொஜெக்டரை அணைக்கப் போனைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. ஆலைக் கடவுச்சொற்கள் கையேட்டிலேயே அச்சாகியிருக்கின்றன. கையேடுகள் இணையத்தில் கிடைக்கின்றன.

எனவே வெப் பக்கத்துக்கு ஒரு கடவுச்சொல், பிஜேலிங்குக்கு ஒரு கடவுச்சொல், இரண்டையும் முதல் நாளே மாற்றுங்கள். ப்ரொஜெக்டர்களுக்குத் தனி விலேன், அதாவது மற்றவற்றோடு கலக்காத நெட்வொர்க், ஒன்று பிரித்துக் கொடுங்கள். வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்று ரூட்டரில் வெளி வாசல் திறந்து விடவே விடாதீர்கள். இணையத்துக்குத் திறந்து கிடக்கும் சாதனங்களைத் தேடிப் பட்டியல் போடுவதற்கென்றே ஷோடான் என்ற தேடுபொறி 2009-இலிருந்து இருக்கிறது.

வாங்குபவர்களுக்கும் மாட்டுபவர்களுக்கும்

புதிதாக ப்ரொஜெக்டர் வாங்கப் போகிறவர்கள், லூமன்ஸ் எவ்வளவு என்று கேட்ட கையோடு கேட்க வேண்டியவை: வயர்டு லேன் இருக்கிறதா, பிஜேலிங்க் புரியுமா, ஆஃப் நிலையிலும் நெட்வொர்க் பேசுமா? ஆரம்பநிலை மாடல்கள் பலவற்றில் லேன் துளையே இருக்காது. அதே வரிசையில் கொஞ்சம் மேலே உள்ள மாடலில் இருக்கும். ஒரே ஒரு மெஷின், தினமும் கண்ணெதிரே இருக்கும் இடம் என்றால் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்காதீர்கள், தேவையில்லை. நாலைந்து அறைகளைத் தாண்டினால் தயங்காமல் கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள், இந்த வாரம் ஒரு மெஷினில் மட்டும் தொடங்குங்கள். முகவரி, மேக், சீரியல் நம்பர், லேம்ப் மணி நேரம், தேதி ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் திரும்பப் பாருங்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: எலெக்ட்ரீஷியன் எச்டிஎம்ஐ-க்குப் பைப் போடும் அன்றைக்கே, கூடவே ஒரு கேட்6 கேபிளையும் இழுக்கச் சொல்லிவிடுங்கள். சுவரைப் பூசியபின் அதே கேபிளுக்கு ஆகும் செலவு பல மடங்கு.